கிருஷ்ணகிரிக்கு வந்து போன ரயில்

கிருஷ்ணகிரியில் இன்று ஒருவர் ரயில் ஏற வேண்டுமானால் முதலில் பேருந்து ஏற வேண்டும். ஓசூருக்கோ தர்மபுரிக்கோ திருப்பத்தூருக்கோ ஜோலார்பேட்டைக்கோ போனால்தான் ரயிலைப் பிடிக்கலாம். மாவட்டத் தலைநகரம், நாற்புறமும் தேசிய நெடுஞ்சாலைகள், மாம்பழத்துக்குப் பேர்போன ஊர். ஆனால் ரயில் நிலையம் கிடையாது. இந்த ஊருக்கு 1905ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது என்று சொன்னால் இளையவர்கள் பலர் நம்ப மாட்டார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சுமார் 25 மைல் நீளத்தில், அதாவது ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு, ஒரு சிறு பாதை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனவரியில் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு இன்னொன்று, சுமார் 18 மைல். 1913இல் அது தர்மபுரியைத் தாண்டி ஓசூர் வரை நீண்டது. இரண்டு பாதைகளிலும் தண்டவாளங்களுக்கு இடையில் இருந்த அகலம் 2 அடி 6 அங்குலம்தான். மில்லிமீட்டரில் சொன்னால் 762. நம் அகலப் பாதையின் 1676 மில்லிமீட்டரில் இது பாதிகூட இல்லை.

இவ்வளவு சிறிய ரயிலை இங்கே ஏன் போட்டார்கள் என்பதற்கான விடை ஊரின் நில அமைப்பிலும் ஒரு பெரும் பஞ்சத்திலும் இருக்கிறது.

பழைய சேலம் மாவட்டத்தை மூன்று படிகளாகச் சொல்வார்கள். கீழே தாலகாட், நடுவில் பாராமகால், மேலே பாலகாட். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் நடுப்படியில், குன்றுகளுக்கு நடுவே விரிந்த பள்ளத்தாக்கில் இருக்கின்றன. ஓசூர் மேல்படியில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் இருக்கிறது. இந்த இரண்டு படிகளுக்கும் நடுவிலுள்ள கணவாயைக் காத்து நின்றது இராயக்கோட்டை மலைக்கோட்டை. மைசூர்ப் போர்களில் அந்தக் கோட்டைக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததற்குக் காரணமே அதன் கீழே போகும் வழிதான். பிற்காலத்தில் ரயில் ஏறியதும் அந்தப் பக்கமாகத்தான்.

சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போகும் பெரிய பாதை 1860களின் தொடக்கத்திலேயே திருப்பத்தூர், மொரப்பூர் வழியாகச் சேலத்துக்குப் போய்விட்டது. பெங்களூருக்குப் பிரிந்த பாதை ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம், பங்காருப்பேட்டை வழியாக வடக்கே ஒதுங்கிப் போயிற்று. இரண்டுக்கும் நடுவில் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் மூன்றும் தனித்து விடப்பட்டன. ராகியும் புளியும் கொள்ளும் விளையும் இந்த மேட்டு நிலத்துக்கு மாட்டு வண்டியே கதி.

அப்படி இருந்தபோதுதான் 1876–78 தாதுவருஷப் பஞ்சம் வந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19.7 லட்சம். 1881இல் அது 16 லட்சம். பத்தே ஆண்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மக்கள் குறைந்துபோனார்கள். இந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால் மனம் கனக்கிறது. வண்டி மாடுகளுக்கே தீனியில்லாத காலத்தில் தானியத்தை வண்டியில் எப்படிக் கொண்டுபோவது? மாடு சாகும், வண்டி நிற்கும், தானியம் இருக்கும் இடத்திலேயே கிடக்கும். பஞ்சத்தை ஆராய்ந்த குழு 1880இல் தந்த அறிக்கைக்குப் பிறகு, பஞ்சக் காப்பு ரயில்பாதைகள் என்றே தனியாக ஒரு வகை உருவாயிற்று. லாபம் வருமா என்று மட்டும் பார்க்காமல், வறட்சி வந்தால் தானியம் போய்ச் சேருமா என்று பார்த்துப் போடும் பாதைகள் அவை. கிருஷ்ணகிரிப் பாதையும் தர்மபுரிப் பாதையும் முதன்மையாக இந்தக் கணக்கில்தான் போடப்பட்டன. ஆனால் கையில் இருந்த பணம் கொஞ்சம். அகலப் பாதைக்கு அது போதாது. அதனால் குறுகிய பாதை.

அகலத்தைக் குறைத்தால் செலவு எப்படிக் குறைகிறது என்று பார்க்கலாம். மலைச்சரிவில் பாதை போட வேண்டுமானால் சரிவை வெட்டி ஒரு திட்டு எடுக்க வேண்டும். வெட்டி எடுக்கும் மண்ணின் அளவு, திட்டின் அகலத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை; அகலத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. உள்ளே போகப் போக வெட்ட வேண்டிய உயரமும் ஏறுவதுதான் காரணம். ஆகவே திட்டின் அகலம் பாதியானால் மண்வேலை நான்கில் ஒரு பங்காகிவிடும். சிலிப்பர் கட்டையும் அப்படித்தான்: அகலப் பாதைக்கு 9 அடி நீள மரம் வேண்டும், இதற்கு 5 அடி போதும். பாலம், ஜல்லி என்று எல்லாவற்றிலும் அந்த மிச்சம் தொடரும்.

அடுத்தது வளைவு. ரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுழல முடியாது. ஆனால் வளைவில் வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளம். ஒரு செங்கோணத் திருப்பத்தில் அகலப் பாதையில் இந்த வித்தியாசம் சுமார் 2.6 மீட்டர், 762 மில்லிமீட்டர் பாதையில் சுமார் 1.2 மீட்டர்தான். சக்கரத்தின் விளிம்பைச் சற்றே கூம்பாகச் சீவி வைப்பதால், வளைவில் வெளிச்சக்கரம் பருத்த பகுதியிலும் உள்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருண்டு இந்த வித்தியாசத்தை ஓரளவு ஈடுகட்டும். ஈடுகட்ட வேண்டிய அளவு குறைவாக இருந்தால் வளைவை இன்னும் நெருக்கமாக எடுக்கலாம். குன்றைக் குடைய வேண்டாம், சுற்றிக்கொண்டு போகலாம்.

ஏற்றத்தில் மட்டும் குறுகிய பாதைக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. 100 டன் எடையுள்ள ரயிலை 40 அடிக்கு 1 அடி ஏறும் சரிவில் இழுத்தால், புவியீர்ப்பு மட்டுமே 2.5 டன் விசையோடு பின்னுக்கு இழுக்கும். சமதளத்தில் அதே ரயிலை ஓட்ட அரை டன் விசைகூடத் தேவைப்படாது. அகலப் பாதையானாலும் குறுகிய பாதையானாலும் இதே கணக்குத்தான். தர்மபுரிக்கும் ஓசூருக்கும் உயர வித்தியாசம் 400 மீட்டருக்கு மேல். வழி முழுவதும் அதைச் சீராகப் பகிர்ந்தால் ஏற்றம் இருப்பதே தெரியாது. ஆனால் மலை அப்படிப் பகிர்ந்து தருவதில்லை. பாலக்கோட்டைத் தாண்டி இராயக்கோட்டை நோக்கிப் போகும்போது ஏற்றம் குவிந்து வருகிறது. அங்கே பாதையை வளைத்து நீட்டி ஏற்றத்தை மென்மையாக்க நெருக்கமான வளைவுகள் உதவும். குறுகிய பாதை மலைக்கு ஏற்றது என்பதன் பொருள் இவ்வளவே.

மலை ரயில் என்றதும் எல்லாரும் நினைக்கும் ஊட்டி ரயில் இந்த வகையைச் சேர்ந்தது அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது மீட்டர்கேஜ். பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும் அந்தச் சரிவில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால், நடுவில் பல் தண்டவாளம் போட்டுப் பல்சக்கரத்தால் பற்றி ஏறுகிறது. 762 மில்லிமீட்டர் குடும்பத்தின் புகழ்பெற்ற உறுப்பினர் 1903இல் திறந்த கால்கா–சிம்லா ரயில். இலங்கையில் கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாகப் போன களனிப் பள்ளத்தாக்கு ரயிலும், நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறிய ரயிலும் இதே அளவுதான். ராகலைப் பாதை 1940களில் மூடப்பட்டது. களனிப் பாதை அகலமாக்கப்பட்டு இன்றும் அவிசாவளை வரை ஓடுகிறது. மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908 முதல் ஓடிய ரயில் இன்னும் குறுகலானது, 2 அடி. 1924 பெருவெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது.

762 மில்லிமீட்டர் அளவுக்கு இந்தியாவில் பெயர் வாங்கித் தந்தவர் எவரார்ட் கால்த்ராப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். மராட்டியத்தில் 1897இல் திறந்த பார்சி ரயில் அவர் படைப்பு. எஞ்சினோ பெட்டியோ, எந்த அச்சும் தண்டவாளத்தின்மேல் 5 டன்னுக்கு மேல் அழுத்தக் கூடாது என்பது அவர் விதி. பாரத்தைப் பல அச்சுகளுக்குச் சமமாகப் பங்கிட்டுவிட்டால், கெஜத்துக்கு 30 பவுண்டு எடையுள்ள மெல்லிய தண்டவாளமே தாங்கும். மீட்டருக்கு 15 கிலோ. இன்றைய முக்கியப் பாதைகளில் இருப்பது மீட்டருக்கு 60 கிலோ. இத்தகைய எஞ்சின்களில் பலவற்றுக்குச் சட்டகம் சக்கரங்களுக்கு வெளியே இருக்கும். நெருப்புப் பெட்டியை அகலமாக வைக்க வேறு இடம் கிடையாது. பெட்டிகளும் பாதையைவிட மிக அகலம்: 762 மில்லிமீட்டர்மேல் 2 மீட்டருக்கும் அதிக அகலமான பெட்டி உட்காரும். அகலப் பாதையில் 1676 மில்லிமீட்டருக்கு 3.25 மீட்டர், இரண்டு மடங்குகூட இல்லை. ஆகவே குறுகிய பாதையில் வேகம் கூடாது. மெதுவாகப் போவது அந்த ரயிலின் குறையல்ல, அது கவிழாமல் இருப்பதற்கான நிபந்தனை.

பாரத்தைத் தூக்க முடியாமல் நம் பகுதியின் சிறு ரயில் தோற்கவில்லை. அதை வீழ்த்தியது திருப்பத்தூரிலும் மொரப்பூரிலும் இருந்த மாற்றுமேடை. கிருஷ்ணகிரியில் ஏற்றிய புளி மூட்டையைத் திருப்பத்தூரில் இறக்கி, பெரிய பாதையின் வேகனில் மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு கூலி, ஒரு நாள் தாமதம், வழியில் கொஞ்சம் சிந்தலும் திருட்டும். 40 கிலோமீட்டர் தூரத்துக்கு இத்தனை பாடு. மண்டிக்காரர் கடை வாசலில் ஏற்றி, சேர வேண்டிய கடை வாசலிலேயே இறக்கும் லாரி வந்தபின் கணக்கு மாறிவிட்டது. பேருந்துகள் பயணிகளைக் கொண்டுபோயின. தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கையில் ஓடிய இந்தப் பாதைகள் 1940களின் தொடக்கத்துக்குள் மூடப்பட்டன. வருமானம் இல்லாத கிளைப்பாதைகளைப் பெயர்த்து இரும்பை இரண்டாம் உலகப் போருக்கு எடுத்துக்கொண்ட காலம் அது.

ஓசூருக்கு மீண்டும் ரயில் வந்தது 1969இல், சேலம்–பெங்களூர் மீட்டர்கேஜ் பாதையாக. அது பின்னர் அகலமாயிற்று. 1970களில் அங்கே சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. சிறு ரயிலை வென்ற லாரி, அந்த ரயில் கடைசியாக நின்ற ஊரிலேயே தயாராகத் தொடங்கியது. மொரப்பூர்–தர்மபுரிக்கு 36 கிலோமீட்டர் அகலப் பாதைக்கு 2016–17 ரயில்வே பட்ஜெட் அனுமதி தந்தது. 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். 1906இல் இருந்த இணைப்பைத்தான் திரும்பக் கேட்கிறார்கள்.

கிருஷ்ணகிரி மட்டும் காத்திருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை பல தேர்தல்களைக் கண்டுவிட்டது. கையில் பணம் குறைந்த காலத்தில், பஞ்சத்துக்கு அஞ்சி, 2 அடி 6 அங்குலத்திலாவது ஒரு பாதையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இன்று லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் மாங்கூழும் வெளியூர் போகும் மாவட்டத்தின் தலைநகருக்கு, இடையில் மாற்றி ஏற்ற வேண்டாத ஓர் அகலப் பாதையைத் தர முடியாது என்பதை ஏற்க இயலாது. அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் அந்த ரயிலின் பயணச்சீட்டோ, புகைப்படமோ, பாதை குறித்த நிலப் பத்திரமோ இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். தாத்தா பாட்டியிடம் கேட்ட கதையை ஊர் பெயரோடு எழுதி வையுங்கள். பக்கத்திலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிடம் ஒரு நகல் கொடுங்கள்.