எல்லா ஃபோல்டரும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இல்லை!

விண்டோஸில் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்தால் சி டிரைவ், பென் டிரைவ், கேபிளில் இணைத்த போன், ஒன்டிரைவ் எல்லாம் ஒரே விண்டோவில் தெரிகின்றன. ஒரே மாதிரி திறக்கிறோம், காப்பி செய்கிறோம். டெலிட் செய்யும்போதுதான் வித்தியாசம் தெரியும். என் அக்கா திருமணப் படங்களை இப்படித்தான் இழந்தேன். காப்பி ஆகிவிட்டது என்று நினைத்து, போனில் இருந்தவற்றை எக்ஸ்புளோரர் வழியாக டெலிட் செய்தேன். ரீசைக்கிள் பின்னில் ஒரு படம்கூட இல்லை!

ஏன் இப்படி? எக்ஸ்புளோரர் ஹோட்டலில் ஆர்டர் எடுப்பவரைப் போன்றது. தோசை உள்ளே தயாராகும். ஜூஸ் பக்கத்துக் கடையிலிருந்து வரும். நமக்கு எல்லாம் ஒரே மேஜைக்கு வருகிறது.

சி டிரைவ்: என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் இதைக் கவனிக்கிறது. டெலிட் செய்தவை பொதுவாக ரீசைக்கிள் பின்னுக்குச் செல்லும்.

நெட்வொர்க் டிரைவ்: இசட் போன்ற ஒரு எழுத்துடன் தெரிந்தாலும், ஃபைல்கள் வேறொரு கம்ப்யூட்டரில் உள்ளன. உங்கள் கட்டளையை எஸ்எம்பி என்ற புரோட்டோகால் அங்கே கொண்டு செல்கிறது. டெலிட் செய்தால் உங்கள் ரீசைக்கிள் பின்னுக்கு வராது.

ஆண்ட்ராய்டு போன்: இதற்கு டிரைவ் எழுத்தே கிடையாது. எம்டிபி என்ற முறையில் எக்ஸ்புளோரர் போனிடம் கேட்டுப் பட்டியலைக் காட்டுகிறது. இங்கும் ரீசைக்கிள் பின் இல்லை. பென் டிரைவுக்கும் பொதுவாக இதே கதைதான்.

ஒன்டிரைவ்: 2017-ல் விண்டோஸ் 10-க்கு வந்த வசதியால், ஃபைலின் பெயர் மட்டும் கம்ப்யூட்டரில் இருக்கலாம். நீல நிற மேக ஐகான் இருந்தால் ஃபைல் இன்டர்நெட்டில்தான் உள்ளது. இணைப்பு இல்லாமல் திறக்காது. பச்சை டிக் இருந்தால் உங்கள் டிஸ்க்கிலும் உள்ளது. இடம் போதவில்லை என்று டெலிட் செய்யாதீர்கள். இன்டர்நெட்டில் உள்ள காப்பியும் போய்விடும். ரைட் கிளிக் செய்து ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ கொடுங்கள். தவறி டெலிட் செய்திருந்தால், ஒன்டிரைவ் இணையதளத்தில் உள்ள ரீசைக்கிள் பின்னை உடனே பாருங்கள். தனிநபர் கணக்கில் 30 நாட்கள் வரை இருக்கும்.

ஒரு எளிய அடையாளம் சொல்கிறேன். டெலிட் செய்யும்போது விண்டோஸ் ‘பெர்மனென்ட்லி’ என்ற சொல்லுடன் கேள்வி கேட்டால், கையை எடுத்துவிடுங்கள். முதலில் காப்பி செய்த ஃபோல்டரைத் திறந்து, படங்கள் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். இரண்டு மூன்று படங்களைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகு ‘யெஸ்’ கொடுக்கலாம்.