சவர்க்காரப் பாத்திரத்துக்குள் நடக்கும் மோதல்

குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமக்கும் சகோதரிகள் பலர் சவர்க்காரம் செய்வதைச் சுயதொழிலாகக் கொண்டுள்ளனர். எண்ணெயைச் சூடாக்குவது ஏன்? கை வலிக்கக் கலக்குவது ஏன்? வாரக்கணக்கில் காத்திருப்பது ஏன்? காரணம் தெரிந்தால் போட்ட முதலும் வீணாகாது, கையும் புண்ணாகாது.

எல்லாப் பொருட்களும் கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகளால் ஆனவை. அவை ஓயாமல் அசைந்து ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆனால் எல்லா மோதலும் புதிய பொருளைத் தருவதில்லை. போதிய சக்தியுடனும், சரியான பக்கத்திலும் மோத வேண்டும். இந்தக் குறைந்தபட்ச சக்தியே ஏவற்சக்தி. வெப்பம் கூடினால் தாக்கம் விரைவுபடுவதை சுவீடன் விஞ்ஞானி அரேனியஸ் 1889 இல் இதைக் கொண்டு விளக்கினார்.

தேங்காயெண்ணெயின் மூலக்கூறு, கிளிசரினோடு மூன்று கொழுப்பமிலச் சங்கிலிகள் இணைந்த ஒன்று. எரிசோடாவின் துணிக்கை அந்த இணைப்பில் மோதினால்தான் சங்கிலி கழன்று சவர்க்காரமாகும். வாலில் மோதிப் பயனில்லை. எண்ணெயும் நீரும் ஒட்டாதவை. இரண்டும் தொடும் இடத்தில் மட்டுமே மோதல் நடக்கும். கலக்கும்போது எண்ணெய் சிறு துளிகளாக உடைந்து, தொடும் பரப்பு பெருகுகிறது. இளஞ்சூட்டில் அதிக துணிக்கைகள் வேண்டிய சக்தியைப் பெறுகின்றன.

தாக்கத்தின் பெரும்பகுதி ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். எஞ்சிய எரிசோடா குறையக் குறைய மோதலும் குறைவதால் கடைசிப் பகுதி மெதுவாகவே நடக்கும். பின்னர் நீர் வற்றிக் கட்டி இறுக நான்கு வாரமளவில் வேண்டும்.

ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுவதும் மாற ஏறக்குறைய 183 கிராம் எரிசோடா தேவை. 174 கிராமளவில் இட்டால் சிறிது எண்ணெய் எஞ்சித் தோலைக் காக்கும். தராசில் நிறுத்தே இடுங்கள். கரண்டிக் கணக்கு ஆகாது.

நமது தோலிலும் கொழுப்பும் புரதமும் உண்டு. எண்ணெய் எது, கை எது என்று எரிசோடாவுக்குத் தெரியாது. ஆகவே கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். பிள்ளைகளைத் தூர வையுங்கள். நீரில்தான் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இட வேண்டும். எரிசோடாவின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் வேண்டாம்; எரிசோடா அதை அரித்து, தீப்பற்றும் ஐதரசன் வாயுவை வெளிவிடும். உடலில் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் நன்கு கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கைப்பழக்கத்தோடு காரணமும் தெரிந்தவள், கலவை பிழைத்தாலும் எங்கே பிழைத்தது என்று தானே கண்டுபிடிப்பாள். அடுத்தவரிடம் கேட்டு நிற்க வேண்டியதில்லை.