வரைபலகையும் தமிழ் எழுத்தும்: எழுத்து வரைவிலும் சுவடிப் படத்திருத்தத்திலும் பேனாவின் அழுத்த அமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் எழுத்துகளை வரைவதற்கும் சுவடி, கல்வெட்டு ஒளிப்படங்களைத் திருத்துவதற்கும் கிராபிக்ஸ் டேப்லெட் எனப்படும் வரைபலகை பயன்படுகிறது. இப்பணிகளுக்குரிய பலகையைத் தேரும் முறை, பேனாவின் அழுத்தத்தைப் பணிக்கேற்ப மாற்றியமைக்க வேண்டியதன் தேவை, படத்திருத்தத்தில் மூலபாடம் சிதையாமல் காக்கும் வழி ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வரைபலகை, எழுத்து வரைவு, ஓலைச்சுவடி, புள்ளி, படத்திருத்தம்

முன்னுரை

சுவடிப் பதிப்பில் ஈடுபடுவோரின் மேசைக்கு இன்று ஓலையைக் காட்டிலும் ஓலையின் ஒளிப்படமே மிகுதியாக வந்துசேர்கிறது. அப்படத்தில் உள்ள கறை, நிழல், தூசு ஆகியவற்றை நீக்கித் தெளிவாக்கும் வேலைக்குச் சுட்டியைவிடப் பேனா எளிதாக இருப்பதால் வரைபலகையை வாங்குவோர் பலர். நூலட்டைக்கும் கருத்தரங்க மலருக்கும் தலைப்பெழுத்து வரைவோரும் அதே கருவியையே நாடுகின்றனர். விற்பனை விளம்பரங்களோ 2048, 4096, 8192 என அழுத்தப் படிநிலைகளின் எண்ணிக்கையையே முன்னிறுத்துகின்றன. தமிழ் எழுத்தோடு பணிபுரிவோர்க்கு இவ்வெண்ணின் ஏற்றத்தால் விளையும் பயன் மிகச் சிறிது. பேனாவை அழுத்தும்போது மாறுவது கோட்டின் தடிப்பா, நிறத்தின் செறிவா, எதுவுமே மாறாதா என்னும் அமைப்பே விளைவைத் தீர்மானிக்கிறது. இவ்வமைப்பை எழுத்து வரைவுக்கு ஒருவகையாகவும், படத்தின் ஒளியைச் சீர்செய்வதற்கு ஒருவகையாகவும், சுவடியெழுத்தைப் படியெடுப்பதற்கு வேறொரு வகையாகவும் வைத்தல் வேண்டும்.

பலகை இயங்கும் முறை

சுட்டி தான் நகர்ந்த தொலைவை மட்டுமே கணினிக்குத் தெரிவிக்கும். தூக்கி வேறிடத்தில் வைத்தாலும் திரையிலுள்ள குறி அசையாது. வரைபலகையில் ஒவ்வோர் இடமும் திரையில் ஓரிடத்துக்கு நிலையாகப் பொருந்தியுள்ளது. பலகையின் மேல் இடமூலையில் பேனாவை வைத்தால் குறியும் திரையின் மேல் இடமூலைக்குச் செல்லும். எழுதும் கையின் பழக்கம் திரைக்கு இடம்பெயர்வது இதனால்தான்.

1983ஆம் ஆண்டு ஜப்பானில் நிறுவப்பட்ட வாக்கம் நிறுவனம் பரவலாக்கிய மின்காந்த ஒத்ததிர்வு முறையில் பேனாவுக்கு மின்கலம் தேவையில்லை. பலகையின் அடியில் உள்ள கம்பிச்சுருள் வலை மின்காந்த அலையை அனுப்பும். பேனாவிலுள்ள சுருளும் மின்தேக்கியும் அதனை ஏற்று அதிர்ந்து திருப்பி அனுப்பும். முனையை அழுத்தும்போது அதிர்வெண் மாறுகிறது. அம்மாற்றமே அழுத்தமாக அளக்கப்படுகிறது. ஹுயான், எக்ஸ்பி-பென் முதலிய நிறுவனங்களும் மின்கலமற்ற பேனாக்களை இன்று குறைந்த விலையில் தருகின்றன. மின்கலம் உள்ள பேனா கனமானது. நாள்முழுதும் ஓலைப்படத்தின்மீது கையை வைத்திருப்போர் அதனைத் தவிர்ப்பது நலம்.

அளவும் விகிதமும்

வாக்கம் இன்டுவோஸ் வரிசையின் சிறிய பலகையில் எழுதும் பரப்பு 152 மி.மீ. × 95 மி.மீ.; நடுத்தரப் பலகையில் 216 மி.மீ. × 135 மி.மீ. திரையின் அகலம் 1920 பிக்சலாயின் சிறிய பலகையில் ஒரு மில்லிமீட்டர் அசைவு ஏறத்தாழ 13 பிக்சலாக விரியும். 3840 பிக்சல் அகலமுள்ள திரையிலோ, இரு திரைகளை இணைத்துப் பயன்படுத்தும்போதோ அதுவே 25 பிக்சலாகிவிடும். கையின் அரை மில்லிமீட்டர் நடுக்கம் 12 பிக்சல் பிழையாகத் தோன்றும். நடுத்தரப் பலகையில் இவ்விரிவு 18 பிக்சலளவில் நிற்கும். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு வேலைசெய்தால் சிறிய பலகையும் படத்திருத்தத்துக்குப் போதும். ‘இ’, ‘ஞ’, ‘ஐ’ போன்றவற்றின் நீண்ட வளைவுகளை ஒரே வீச்சில் இழுக்க விரும்புவோர்க்கு நடுத்தர அளவே ஏற்றது. இரு திரை உடையோர் பலகையை ஒரு திரைக்கு மட்டும் பொருத்திக்கொள்ளுமாறு இயக்கி மென்பொருளில் அமைக்கலாம்.

பலரும் கவனியாத செய்தி ஒன்றுண்டு. மேற்கண்ட பலகைகளின் அகல உயர விகிதம் 16:10; பெரும்பாலான திரைகளின் விகிதம் 16:9. இரண்டையும் அப்படியே பொருத்தினால் கை வட்டமாக வரைந்தது திரையில் 11 விழுக்காடு அகன்ற நீள்வட்டமாகும். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிகளும் மெய்யின் தலைப்புள்ளியும் உடனே இதனைக் காட்டிக்கொடுக்கும். விகிதத்தைக் கட்டாயமாக்கும் தேர்வை இயக்கியில் இயக்கினால் குறை தீரும். சிறிய பலகையில் ஏறத்தாழ 9.5 மி.மீ. உயரம் பயனற்றுப் போவது அதற்குரிய விலை. படத்தின்மேல் படியெடுக்கும்போது கண் திரையைப் பார்த்துக் கையைத் திருத்திக்கொள்வதால் இப்பிழை மறைந்துவிடுகிறது. கைப்போக்கில் வரையும்போது அது எழுத்திலேயே தங்கிவிடுகிறது.

திரையோடு கூடிய பலகை வாங்கலாமா என்னும் வினா அடிக்கடி எழுகிறது. வரைந்த இடத்திலேயே கோடு தோன்றுவது எழுத்து வரைவோர்க்கு இன்பம் தருவதே. சுவடிப்படத்தில் வேலைசெய்வோர்க்கோ கையே படத்தின் ஒரு பகுதியை மறைக்கிறது. கழுத்தும் குனிந்தே இருக்க வேண்டியுள்ளது. கூடுதல் பணம் இருப்பின் அதனை நல்ல திரைக்குச் செலவிடுவதே தக்கது. பழைய பலகையை வாங்குவோர் நடப்பு இயங்குதளத்துக்குரிய இயக்கி கிடைக்கிறதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

எழுத்து வரைவில்

எழுத்தாணி ஓலையைக் கீறும்போது கோடு ஒரே தடிப்பில் அமைகிறது. தமிழ் எழுத்தின் வட்ட வடிவம் ஓலையோடு தொடர்புடையது என்பர். அதன் சீரான கோட்டுக்கும் அத்தொடர்பைக் கூறலாம். இலத்தீன் எழுத்தின் தடிப்பு மெலிவு, பட்டைமுனைப் பேனாவைக் குறித்த கோணத்தில் பிடித்து எழுதியதன் விளைவு. வரைபலகையோடு வரும் மென்பொருள்களில் அழுத்தினால் கோடு தடிக்குமாறு முன்னமைப்பு இருப்பது இயல்பு. அதனை மாற்றாமல் ‘ண’ என்னும் எழுத்தை வரைந்தால் மூன்று சுழிகளும் மூன்று தடிப்பில் அமையும். கை அழுந்திய இடங்கள் தடித்து நிற்குமேயன்றி அத்தடிப்பில் ஒழுங்கிராது. எழுத்தாணியின் சாயலை வேண்டுவோர் அழுத்தத்துக்கும் தடிப்புக்கும் உள்ள தொடர்பைத் துண்டித்துவிடுதல் வேண்டும். பட்டைமுனையின் சாயலை வேண்டுவோர்க்கு அழுத்தத்தைவிடச் சாய்வும் கோணமும் முதன்மையானவை. இன்டுவோஸ் வரிசையின் எளிய வகையில் பேனாவின் சாய்வு உணரப்படுவதில்லை. இன்டுவோஸ் புரோ வகையில் 60 பாகை வரை உணரப்படுகிறது. சாய்வு இல்லாத பலகையில் தூரிகைக்கு நிலையான கோணம் ஒன்றைக் கொடுத்து நிறைவடையலாம். கே.எம். ஆதிமூலம் (1938–2008) நூலட்டைகளுக்கும் இதழ்களுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகளைப் போன்ற, தூரிகையின் ஓட்டத்தை வெளிப்படையாகக் காட்டும் எழுத்துக்கே அழுத்தத்தால் மாறும் தடிப்பு உண்மையில் தேவைப்படுகிறது.

கிருதா போன்ற கட்டற்ற மென்பொருள்களில் கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி உண்டு. அளவாக வைத்தால் பயன் தரும். மிகுதியாக வைத்தால் கோடு பேனாவின் பாதையை உட்புறமாகக் குறுக்கிச் செல்லும். ‘ன’கரச் சுழி சிறுத்துவிடும், ‘ட’, ‘ப’ ஆகியவற்றின் கூரிய மூலை மழுங்கிவிடும். சுழியும் மூலையும் அடுத்தடுத்து வரும் தமிழில் இவ்வசதியை எழுத்துதோறும் கூட்டியும் குறைத்தும் பயன்படுத்த வேண்டியுள்ளது.

கணினி எழுத்துரு உருவாக்குவோர் பேனாவை முன்வரைவோடு நிறுத்திவிடலாம். கைப்போக்கில் இழுத்த கோட்டை வளைகோடாக மாற்றினால் தேவையற்ற கணுக்கள் குவியும். வளைவின் மேல், கீழ், இட, வல எல்லைகளில் மட்டும் கணுக்களை வைத்து மீண்டும் வரைவதே முறை. அதற்குச் சுட்டியே போதும். உகர ஊகார உயிர்மெய்கள் மட்டும் 18 மெய்களுக்கு 36 தனி வடிவங்களாதலின், ஒவ்வொன்றுக்கும் பேனாவால் பல முன்வரைவுகளை விரைந்து போட்டுப் பார்க்க முடிவது பெரிய வசதியாகும்.

சுவடி ஒளிப்படத்தில்

இங்குத்தான் கருவி பாடத்தைத் தொடுகிறது. ஓலையில் எழுதியோர் மெய்க்குப் புள்ளியிடாது விடுவது பெருவழக்கு. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் விதித்திருந்தும் ஏடுகளில் குறிலும் நெடிலும் வேறுபாடின்றியே காணப்படும். ‘பெறு’ என்பதும் ‘பேறு’ என்பதும், ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஓலையில் ஒன்றுபோல் நிற்கும். ஆகார உயிர்மெய்யின் காலும் ரகரமும்கூட வடிவில் ஒத்திருப்பதுண்டு. இத்தகைய ஏட்டில் அருகிக் காணப்படும் ஒரு புள்ளி பாடத்தையே தீர்மானிக்கக்கூடும். பட மென்பொருளின் ஹீலிங் பிரஷ் என்னும் கருவியோ புள்ளிகளைத் துடைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. பேனாவின் ஒரு தொடுகையில் தூசும் மறையும். எழுத்தாணி இட்ட புள்ளியும் மறையும். மறைந்த இடத்தை அக்கருவி சுற்றியுள்ள ஓலையின் சாயலால் நிரப்பிவிடுவதால் அழித்ததன் தடமும் எஞ்சாது.

ஆதலின் பேனாவைத் தொடுமுன் படம் முழுமைக்கும் ஒருசேரப் பொருந்தும் திருத்தங்களைச் செய்தல் வேண்டும். மஞ்சள் பழுப்பான ஓலை சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்புவதால், வண்ணப்படத்தின் சிவப்பு அலைவரிசையைத் தனியே பிரித்தால் மை தடவிய எழுத்து கருமையாகவும் ஓலை வெளிறியும் தெரியும். பழுப்புக் கறைகளும் பெரிதும் மங்கும். பல படங்களில் இதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை. மை போடாத ஏட்டுக்கும் தேய்ந்த கல்வெட்டுக்கும் பக்கவாட்டு ஒளியில் மீண்டும் படமெடுப்பதே பயன்தரும். எடுக்காத ஒளியைப் பேனாவால் கொண்டுவர இயலாது.

எஞ்சிய நிழலைச் சீர்செய்யும்போது அழுத்தத்தை நிறத்தின் செறிவோடு இணைத்தல் வேண்டும். மூலப்படத்தின்மேல் 50 விழுக்காட்டுச் சாம்பல் நிற அடுக்கு ஒன்றை ஓவர்லே கலப்பில் வைத்து, அதில் வெண்மையையும் கருமையையும் மென்மையாகத் தடவினால் அவ்விடம் வெளுக்கும் அல்லது கருக்கும். மூலப்படம் பூட்டிய அடுக்கில் மாறாதிருக்கும். தூரிகை எழுத்தின் கோட்டைவிடப் பலமடங்கு அகன்றிருத்தல் வேண்டும் என்பதை இங்கு விதியாகவே கொள்ளலாம். கோட்டின் அகலத்துக்குத் தூரிகை சிறுத்துவிட்டால் நிழலைத் திருத்தும் வேலை முடிந்து, எழுத்தை வரையும் வேலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

புள்ளியா துளையா என்னும் ஐயத்தைத் தீர்க்க அடுக்குகளே உதவும். பூச்சி அரித்த துளை ஓலையை ஊடுருவியிருக்கும். பெரும்பாலும் அடுத்த ஏட்டிலும் தொடரும். ஏட்டின் மறுபக்கப் படத்தை இடவலமாகத் திருப்பி, அரைத் தெளிவுள்ள அடுக்காக மேலே வைத்தால் துளைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். எழுத்தாணிப் புள்ளி பொருந்தாது. ஒளிப்படக் கருவியின் உணரியில் ஒட்டிய தூசு எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். இவ்விரண்டிலும் அடங்காத புள்ளியை நீக்குவதற்குப் பேனா பிடித்தவருக்கு உரிமையில்லை.

படியெடுப்பில்

தேய்ந்த எழுத்தைத் தாம் கண்டவாறு கோடிட்டுக் காட்டுவது ஆய்வாளரின் வாசிப்பாகும். அதனைத் தனி அடுக்கில், மூலத்தில் இல்லாத சிவப்பு போன்ற நிறத்தில் வரைதல் வேண்டும். இங்கு அழுத்தத்தின் இரு தொடர்புகளையும், அதாவது தடிப்பு, செறிவு இரண்டையும், நீக்கிவிடுதல் இன்றியமையாதது. செறிவு மாறும் கோட்டைக் காண்போர், வெளிறிய பகுதியில் ஆய்வாளருக்கு ஐயம் இருந்ததாகவும் அடர்ந்த பகுதியில் உறுதி இருந்ததாகவும் கொள்வர். உண்மையில் அங்கே கை தளர்ந்தது என்பதே காரணமாயிருக்கும். ஐயத்தைக் காட்ட விரும்பின் முழுக்கோடு, விட்டுவிட்ட கோடு என இருவகையை அறிந்தே தேர்ந்து வரையலாம். ஐயத்துக்குரிய எழுத்தின்கீழ்ப் புள்ளியிடும் லெய்டன் முறை 1931 முதல் கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுப் பதிப்புகளில் வழங்குகிறது. தமிழில் அக்குறியைப் படத்தின்மேல் இடுவது பொருந்தாது. புள்ளியே இங்கு எழுத்தின் உறுப்பாகிவிடும்.

விண்டோஸ் இயங்குதளத்தில் பேனாவைச் சற்று அழுத்திப் பிடித்தால் வட்டம் ஒன்று தோன்றி வலச்சொடுக்காக மாறும் இயல்பு உண்டு. மெதுவாகப் படியெடுப்போர்க்கு இது பெருந்தொல்லை. அமைப்புகளில் அதனை நிறுத்திவிடலாம். பேனாவின் முனை தேயும்போது ஒருபுறம் கூர்மையாகிப் பலகையைக் கீறும். அதற்குமுன் மாற்றுவது நன்று.

அடுக்குகள் பிரிந்த கோப்பையும் மூல ஒளிப்படத்தையும் வெவ்வேறு பெயரில் சேமித்தல் வேண்டும். அடுக்குகளை ஒன்றாக்கிய படம் அச்சுக்கு மட்டுமே உரியது. பதிப்பில் மூலப்படத்தையும் படியெடுத்ததையும் அருகருகே தந்து, செய்த திருத்தம் இன்னதென்று படத்தின் கீழ் ஒருவரியில் குறிப்பது முறை. இரண்டுக்கும் பக்கத்தில் இடமில்லையாயின் அச்சேற வேண்டியது மூலப்படமே.