வாரத்துக்கு ஒரு ஊசி

டாக்குரியாவை ஒட்டிச் சேறும் சகதியுமாகக் கிடந்த நிலத்தை 1920-களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டு வெட்டி ஏரியாக்கிற்று. நெடுங்காலம் டாக்குரியா ஏரி என்றே வழங்கிவந்த அதற்கு 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் வைத்தார்கள். விடியற்காலையில் அதன் கரையில் நடக்கும் வங்காளிகளும், லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து வரும் நம்மவர்களும் முழங்கால் வலியையும் சர்க்கரை அளவையும் விட்டால் வேறு பேச்சில்லாமல் இருந்த நிலை மாறி, இப்பொழுது யாரைப் பார்த்தாலும் உடம்பை இளைக்கச் செய்யும் ஊசியைப் பற்றியே விசாரிக்கிறார்கள்.

இந்தியச் சரீரத்தில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேருகிறது என்பதையும், சென்னை டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் முதலியோர் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நூற்றுக்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன் காணப்பட்டதையும் சென்ற இதழில் எழுதினேன். அதைப் படித்த எங்கள் மாடி மாமி, பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், தாம் ஊசி தொடங்கப்போவதாகச் சொன்னார். இராத்திரிச் சாதத்தை நிறுத்தி, சர்க்கரை போடாத காப்பி குடித்து, ஏரியை நாள் தவறாமல் சுற்றியும், சிறிது இறங்கிய எடை ஒவ்வொரு தடவையும் திரும்பி ஏறிக்கொண்டதைப் பல வருஷங்களாகக் கண்டவர் அவர். "வாயைக் கட்டத் தெரியலைன்னு எல்லாரும் சொல்றா, நான் கட்டாத வாயா?" என்று அவர் கேட்டதற்கு நியாயமான பதிலை நம் சமூகம் இன்னும் சொல்லவில்லை. எடை குறைந்தவுடன் பசியைத் தூண்டும் சுரப்புகள் மிகுவதும், உடம்பு செலவழிக்கும் சக்தி குறைவதும், இழந்ததை மீட்கச் சரீரம் தானே செய்யும் பிரயத்தனம். இதை மனோதிடத்தின் குறைவென்று பழிப்பது அநியாயம் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இந்த ஊசிக்கு ஆதாரமானதும், உணவு குடலை அடைந்ததும் சுரப்பதுமான ஜி.எல்.பி.-1 என்னும் ஹார்மோன், கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளைக்கு 'போதும்' என்ற உணர்ச்சியை எட்டச் செய்கிறது. ஆனால் இரத்தத்தில் கலந்த சில நிமிஷங்களிலேயே அது சிதைந்து போவதால் ஔஷதமாக்க முடியாமல் இருந்தது. அந்நிலையில், நியூயார்க்கில் ஜான் எங் என்ற வைத்திய விஞ்ஞானி, அமெரிக்கப் பாலைவனத்தின் கிலா என்னும் விஷப் பல்லியின் உமிழ்நீர் விஷத்தில் அதையொத்த, ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருளைக் கண்டு 1992-இல் வெளியிட்டார். அதன் வழியாகப் பிறந்த மருந்து 2005-இல் நீரிழிவுக்கு அனுமதி பெற்றது. மாமிக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட டிர்ஸெபடைடு, ஜி.ஐ.பி. என்னும் இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்வது. உடம்பில் பல நாள் நின்று செயல்படுவதால் வாரம் ஒரு முறை போட்டால் போதும். மௌஞ்சாரோ என்ற பெயரில் எலி லில்லி கம்பெனி 2025 மார்ச்சில் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

எழுதிக் கொடுக்குமுன் வங்காளி டாக்டர் விசாரித்தவற்றை மாமி ஒன்றுவிடாமல் சொன்னார். குடும்பத்தில் யாருக்காவது தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் உண்டா, கணையம் வீங்கிப் படுத்ததுண்டா, பித்தப்பையில் கல் உண்டா என்று கேட்டு, அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றின் அளவையும், ஊசியோடு சேர்ந்தால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடக்கூடும் என்று, முன்கூட்டியே குறைத்தாராம். சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்கள் இழப்பது இந்த விசாரணையைத்தான்.

குளிர்ப்பெட்டியில் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில், உறைந்துவிடாதபடி உறைபெட்டிக்கு எட்டத்தில் இருந்த சிறு குப்பியை ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமி எடுத்தார். அதிலிருந்த அரை மில்லிலிட்டர் மருந்தை மெல்லிய ஊசிக்குழலில் இழுத்து, தொப்புளுக்கு இரண்டு விரற்கடை தள்ளிச் சதையைப் பிடித்துக் குத்திக்கொண்டார். மறுநாள் வழக்கமான சாதத்தில் பாதி தட்டிலேயே மிஞ்சிவிட, அவர் மருமகள், "என்னம்மா, உடம்புக்கு என்ன?" என்று பதறினாள். பசியின் அலைச்சல் அடங்கிய அந்த மத்தியான்னத்தை மாமி பெரிய விடுதலையாகவே கருதினார்.

குமட்டலும் மலச்சிக்கலும் பின்னாலேயே வந்தன. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட ஒரு மாலை அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டது. மாத முடிவில் எடை பெரிதாக இறங்கவில்லையே என்று முறையிட்டபோது, "மாஷிமா, முதல் மாத மருந்து இளைப்பதற்கு அல்ல, உங்கள் வயிற்றைப் பழக்குவதற்கு" என்றாராம் டாக்டர். 2.5 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்குப் பின்பே 5-க்கு ஏற வேண்டும். அதற்கு மேலும், தேவையானால், அதே நிதானத்தோடு. அவசரப்பட்டு ஏறினால் வாந்தியும் நீர்வற்றலும் சிறுநீரகத்தையே தாக்கக்கூடும். முதுகுவரை பாயும் கடும் வயிற்றுவலி கண்டால் ஊசியை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டிர்ஸெபடைடைப் பற்றி 2022-இல் வெளியான ஆராய்ச்சியில், நீரிழிவில்லாத 2,539 பேரை 72 வாரம் கவனித்ததில், 15 மில்லிகிராம் போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக உடல் எடையில் நூற்றுக்கு 20.9 பங்கை இழந்தார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது குறைவாகவே இருக்கும். இழப்பதில் கொழுப்போடு தசையும் போவதால், சைவச் சாப்பாட்டுக்காரரான மாமி பருப்பு, சுண்டல், தயிர், பனீர் இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்கு வருகிறார். விருந்தாளிக்குச் சந்தேஷ் இனிப்பை ஊட்டாமல் விடாத பக்கத்து வீட்டு அம்மாள் வருத்தப்படுவதைச் சமாளிப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு.

செலவு சாமானியமல்ல. அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு குப்பி. இதைவிடக் கனமானது காலக் கணக்கு. 36 வாரம் மருந்தால் இளைத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்த ஆராய்ச்சியில், அடுத்த ஒரு வருஷத்தில் அவர்கள் எடை நூற்றுக்கு 14 பங்கு மறுபடியும் ஏறிற்று. இரத்த அழுத்த மாத்திரையைப் போல இதையும் நெடுங்காலத்துக்கென்றே யோசித்துத் தொடங்க வேண்டியிருக்க, ஒரு கல்யாணத்தை உத்தேசித்து மூன்று மாதத்துக்கு வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மாமி முதல் குப்பி வாங்குமுன்பே பெங்களூர்ப் பிள்ளையோடு உட்கார்ந்து மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டார். ஓய்வூதியத்தில் எவ்வளவு, பிள்ளை கொடுப்பது எவ்வளவு என்று எழுதிய காகிதத்தை டாக்டரிடமும் காட்டினார். இந்த இனத்து மற்றொரு மருந்தான செமாகுளூடைடுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதை டாக்டர் அந்தக் காகிதத்தின் ஓரத்தில் குறித்துக் கொடுத்திருக்கிறார்.

(அடுத்த இதழில்: இளைக்கும்போது தசையைக் காப்பது எப்படி)