டைவ் வாட்ச் வாங்கப் போறீங்களா? 30,000 ரூபாயை இறக்குறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க



"ஏற்கெனவே மூணு வாட்ச் இருக்கு. கலெக்‌ஷன்ல அடுத்து ஒரு டைவ் வாட்ச் சேர்க்கணும். பட்ஜெட் 30,000. எது வாங்கலாம்?"

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன பலருக்கும் இருக்கிற கேள்விதான் இது. "வாட்ச்சே வேண்டாம், அந்தக் காசை எஸ்ஐபி-ல போடுங்க"ன்னு ஒரே வரியில முடிச்சிடலாம். நான் அப்படிச் சொல்லப் போறதில்ல. மாசம் முழுக்க உழைக்கிறவங்க ஆசைப்பட்ட ஒரு பொருளை வாங்குறதுல தப்பே இல்ல. ஆனா டைவ் வாட்ச்ல ஒரு விசித்திரம் இருக்கு. அதோட பேர்ல இருக்கிற வேலையை, அதாவது கடலுக்கு அடியில போறதை, வாங்குறவங்கள்ல பெரும்பாலானவங்க செய்யவே மாட்டாங்க. அப்போ நாம எதுக்குக் காசு கொடுக்குறோம்? இதுக்குப் பதில் தெரிஞ்சா எந்த மாடல்னு முடிவு பண்றது ரொம்ப ஈஸி.

முதல்ல பர்ஸ், அப்புறம் கை

மூணு விஷயம் சரியா இருந்தா மட்டும் மேல படிங்க. ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் இருக்கணும். கிரெடிட் கார்டுல பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. கம்பெனி கொடுக்குறது போக, உங்க பேர்ல தனியா ஒரு ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கணும். இதுல ஒண்ணு குறைஞ்சாலும் வாட்ச் காத்திருக்கட்டும்.

மூணும் இருக்கா? சரி, இப்போ உண்மையான விலையைப் பார்ப்போம். கையில வர்ற சம்பளம் 45,000-னு வெச்சுக்குவோம். வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, சாப்பாடு, பெட்ரோல், சேமிப்பு எல்லாம் போக, "என் இஷ்டத்துக்குச் செலவு பண்ணலாம்"னு மிச்சம் இருக்கிறது 3,000 ரூபாய். அப்போ 30,000 ரூபாய் வாட்ச்சோட விலை, உங்களோட பத்து மாச ஜாலிப் பணம். பத்து மாசம் சினிமா இல்ல, ஃப்ரெண்ட்ஸோட ட்ரிப் இல்ல, புது ஷூ இல்ல. 6,000 ரூபாய் வாட்ச்னா ரெண்டே மாசம். விலையை இப்படி மாசக் கணக்குல மாத்திப் பார்த்தாலே பாதி ஆசை தெளிஞ்சிடும். அதுக்கப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா, அது நிஜமான ஆசைதான்.

டயல்ல எழுதியிருக்கிறதுக்கு என்ன அர்த்தம்?

கடையில நம்மள அதிகமா குழப்புறது "வாட்டர் ரெசிஸ்ட்" கணக்குதான். 30 மீட்டர்னு போட்டிருந்தா 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம்னு அர்த்தம் இல்ல. அந்த எண், ஆய்வுக்கூடத்துல கொடுக்குற அழுத்தத்தோட அளவு. தண்ணிக்குள்ள ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு பார் அழுத்தம் கூடும். அதை வெச்சுத்தான் மீட்டர் கணக்கு போடுறாங்க. நடைமுறையில இப்படிப் புரிஞ்சுக்கோங்க:

- 30 மீட்டர்: கை கழுவலாம், லேசான மழையில நனையலாம். அவ்வளவுதான்.
- 50 மீட்டர்: தண்ணி கொஞ்சம் அதிகமா பட்டாலும் தாங்கும். ஆனா தினமும் நீச்சலடிக்கிறவங்க இதை நம்ப வேண்டாம்.
- 100 மீட்டர்: நீச்சல்குளம், பீச், குற்றாலம்னு நம்ம வாழ்க்கைக்குப் பெரும்பாலும் இது போதும்.
- 200 மீட்டர், கூடவே "டைவர்ஸ்"ங்கிற வார்த்தை: ஸ்கூபாவுக்கே போகலாம்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனிங்க. ஐஎஸ்ஓ 6425-னு டைவிங் வாட்ச்சுக்குன்னே ஒரு சர்வதேசத் தரம் இருக்கு. அதுப்படி குறைஞ்சது 100 மீட்டர் தாங்கணும். இருட்டுல 25 சென்டிமீட்டர் தூரத்துல இருந்து நேரம் தெரியணும். அதிர்ச்சி, உப்புத்தண்ணி, காந்தம் எல்லாத்தையும் தாக்குப்பிடிக்கணும். முக்கியமா, ஒவ்வொரு வாட்ச்சையும் தனித்தனியா, எழுதியிருக்கிற ஆழத்தை விட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்துல சோதிக்கணும். 200 மீட்டர் வாட்ச்னா 250 மீட்டருக்கு உண்டான அழுத்தம். இதெல்லாம் பாஸ் பண்ணினாத்தான் "டைவர்ஸ்"னு போட்டுக்கலாம். பார்க்க டைவ் வாட்ச் மாதிரியே இருக்கும், ஆனா டயல்ல "வாட்டர் ரெசிஸ்ட் 200 மீட்டர்"னு மட்டும் இருக்கும். அது மோசமான வாட்ச்னு அர்த்தம் இல்ல. அந்தத் தனிச் சோதனைக்கான உத்தரவாதத்தை நீங்க காசு கொடுத்து வாங்கல, அவ்வளவுதான்.

அந்தச் சுத்துற வளையம் எதுக்கு?

1953-ல பிளாங்பேன் கம்பெனியோட ஃபிஃப்டி ஃபேதம்ஸ், அதே காலத்துல ரோலக்ஸ் சப்மரீனர்னு இந்த வகை வாட்ச் வந்தப்போ, டைவருக்குத் தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரியறது உயிர்ப் பிரச்சினை. வெளிவளையத்துல இருக்கிற முக்கோணத்தை நிமிஷ முள்ளுக்கு நேரா வெச்சுட்டு இறங்கினா, முள் நகர நகர எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு வளையத்துலயே படிக்கலாம். இந்த வளையம் இடப்பக்கமா மட்டும்தான் திரும்பும். தெரியாம இடிச்சுத் திரும்பினாலும், போன நேரத்தைக் கூடுதலாத்தான் காட்டும். டைவர் சீக்கிரமே மேல வந்துடுவார்.

இன்னைக்கு டைவர்கள் டைவ் கம்ப்யூட்டரைத்தான் நம்புறாங்க. வாட்ச் பெரும்பாலும் ஒரு பேக்அப். ஆனா அந்த வளையம் நமக்கும் பயன்படும். பார்க்கிங் டோக்கன் வாங்கி எவ்வளவு நேரமாச்சு, டீ பிரேக் 15 நிமிஷம் முடிஞ்சதா, அடுப்புல பருப்பு வெச்சு எத்தனை நிமிஷம்... போனை எடுக்காமலே பார்க்கலாம். போனை எடுத்தா அரை மணி நேரம் ரீல்ஸ்ல போயிடும்ங்கிறது உங்களுக்கே தெரியும்.

பட்ஜெட்டுக்குள்ள நாலு பேர்

விலை கடைக்குக் கடை, ஆஃபருக்கு ஆஃபர் மாறும். அதனால தோராயமான ரேஞ்ச் மட்டும் சொல்றேன்.

1. கேசியோ டூரோ (எம்டிவி-106, அடுத்து வந்த எம்டிவி-107). பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும். 200 மீட்டர், திருகி மூடுற கிரவுன், பேட்டரியில ஓடுற குவார்ட்ஸ். பில் கேட்ஸ் கையில இந்த வாட்ச் இருக்கிற போட்டோக்களைப் பார்த்திருப்பீங்க. டயல்ல "டைவர்ஸ்" கிடையாது. கண்ணாடி சாதாரண மினரல் கிளாஸ், கீறல் விழும். 44 மில்லிமீட்டர் அகலம்ங்கிறதால ஒல்லியான மணிக்கட்டுக்குக் கொஞ்சம் பெருசாத் தெரியும்.

2. சிட்டிசன் புரோமாஸ்டர் டைவர் (பிஎன்0150 வரிசை). இருபதாயிரத்துக்கு மேல. "டைவர்ஸ் 200 மீட்டர்"னு டயல்லயே இருக்கு. எக்கோ-டிரைவ், அதாவது வெளிச்சத்துல சார்ஜ் ஆகும். முழுசா சார்ஜ் ஆனா இருட்டுலயே சுமார் ஆறு மாசம் ஓடும். வழக்கமா பேட்டரி மாத்துற வேலை கிடையாது. கண்ணாடி இதுலயும் மினரல்தான்.

3. ஓரியன்ட் கமாசு. இதுவும் கிட்டத்தட்ட அதே ரேஞ்ச். ஆட்டோமேட்டிக், கை அசைவுலயே சாவி ஏறும். கழட்டி வெச்சா சுமார் 40 மணி நேரம் ஓடும். 200 மீட்டர், திருகுற கிரவுன், இந்த விலைக்கு அபூர்வமான சஃபையர் கண்ணாடி. ஐஎஸ்ஓ டைவர் தரம் இல்ல.

4. சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ். ரசிகர்கள் கொண்டாடுற பழைய எஸ்கேஎக்ஸ்007-ஓட முகஜாடை இதுல இருக்கிறதால பலரும் இதைத்தான் கேக்குறாங்க. ஆட்டோமேட்டிக், 4ஆர்36 மெஷின், சுமார் 41 மணி நேரம் ஓடும். ஆனா 2019-ல புதுசா வந்த இந்த வரிசை 100 மீட்டர்தான். கிரவுனும் திருகி மூடுறது இல்ல. நீச்சலுக்குப் போதும், ஸ்கூபாவுக்கு இது வேண்டாம். சீக்கோவுலயே "டைவர்ஸ்" வேணும்னா புரோஸ்பெக்ஸ் வரிசைக்குப் போகணும், பட்ஜெட்டும் தாண்டிடும்.

வாங்குற விலையோட கணக்கு முடியாது

நம்ம ஊர் வெயில், வியர்வை, கடற்கரை ஊர்கள்ல உப்புக்காத்து இதெல்லாம் வாட்ச்சுக்குள்ள இருக்கிற ரப்பர் கேஸ்கெட்டுக்கு எதிரி. 200 மீட்டர்ங்கிறது வாங்கின அன்னைக்கு இருக்கிற எண். கேஸ்கெட் வயசானா அது குறையும். தெருமுனைக் கடையில பின்மூடியைத் திறந்து பேட்டரி மாத்திட்டு, பிரஷர் டெஸ்ட் பண்ணாம குளத்துல இறங்குனீங்கன்னா, 200 மீட்டர் வாட்ச்சுக்குள்ளயும் தண்ணி போகும்.

ஆட்டோமேட்டிக் வாட்ச்சுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ், ஒரு தடவைக்கு 4,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். பத்து வருஷத்துல 8,000. அப்போ 25,000 ரூபாய் வாட்ச்சுக்கு நிஜ விலை 33,000. குவார்ட்ஸுக்கு சில வருஷத்துக்கு ஒரு முறை பேட்டரியும் பிரஷர் டெஸ்ட்டும். சோலாருக்கு அந்த பேட்டரிச் செலவும் மிச்சம்.

இன்னொரு கணக்கு. 30,000 ரூபாய் வாட்ச்சை வாரத்துக்கு ரெண்டு நாள் கட்டினா, பத்து வருஷத்துல 1,040 நாள். ஒரு நாளைக்கு சுமார் 29 ரூபாய், டீயும் வடையும் சாப்பிடுற காசு. மாசத்துக்கு ஒரு தடவைதான் கட்டுவீங்கன்னா 120 நாள், ஒவ்வொரு தடவைக்கும் 250 ரூபாய். ஏற்கெனவே மூணு வாட்ச் இருக்கிறவங்க நாலாவது எத்தனை நாள் கைக்கு வரும்னு நேர்மையா யோசிங்க.

"நோ காஸ்ட்" இஎம்ஐ-க்கும் காஸ்ட் உண்டு

30,000 ரூபாய், ஆறு மாசம், மாசம் 5,000. வட்டி இல்லைன்னுதான் சொல்வாங்க. உள்ள நடக்குறது வேற. வருஷத்துக்கு 15 சதவீத வட்டின்னா, வட்டித் தொகை சுமார் 1,270 ரூபாயை முன்கூட்டியே தள்ளுபடியா கழிச்சிட்டு, மிச்சம் 28,730-ஐ உங்களுக்குக் கடனா கொடுக்குறாங்க. அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 229 ரூபாய், உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸ் 199-னு வெச்சா, வரியோட 235. மொத்தம் 464 ரூபாய். மொத்தமாக் கட்டினா கடைக்காரர் தர்ற தள்ளுபடியும் பல நேரம் இதுல கிடைக்காது. தொகை சின்னதுதான். ஆனா ஆசைப்பொருளுக்கு இஎம்ஐ போடுற பழக்கம் ஒருதடவை ஒட்டிக்கிச்சுன்னா அடுத்து போன், அப்புறம் பைக்னு போகும். அதுக்குப் பதிலா மாசம் 3,000 ஆர்டி போடுங்க. பத்தாவது மாசமும் அதே வாட்ச் மேல ஆசை இருந்தா சந்தோஷமா வாங்குங்க.

ரெண்டு எச்சரிக்கை

"பின்னாடி விலை ஏறும், இது முதலீடு"ன்னு சொன்னா நம்பாதீங்க. உற்பத்தி நின்ன பிறகு எஸ்கேஎக்ஸ்007 விலை ஏறினது உண்மை. அடுத்து எது ஏறும்னு யாராலயும் முன்கூட்டியே சொல்ல முடியாது. இந்த பட்ஜெட் வாட்ச்சுகளைக் கட்டிட்டு விக்கப் போனா, பொதுவா கொடுத்த விலை திரும்ப வராது.

இன்ஸ்டாகிராம்ல வர்ற "ஃபர்ஸ்ட் காப்பி" சப்மரீனர் பக்கம் போகாதீங்க. 3,000 ரூபாய் போலியில வளையம் அழகா சுத்தும். ஆனா அது எவ்வளவு தண்ணி தாங்கும்னு யாரும் சோதிச்சிருக்க மாட்டாங்க, வாரன்ட்டியும் கிடையாது. அதே காசுக்குக் கொஞ்சம் மேல போட்டா நிஜமான டூரோ கிடைக்குது.

அப்போ எதை வாங்கலாம்?

என் கருத்து இதுதான்:

- ஜாலிப் பணம் மாசம் 3,000-க்குள்ளன்னா: கேசியோ. சில நூறு ரூபாய்க்கு ஒரு நைலான் ஸ்ட்ராப் சேர்த்துக்கோங்க. ஆறு மாசம் கட்டிப் பார்த்தா, டைவ் வாட்ச் நமக்குச் சரிப்படுமான்னு கம்மி செலவுல தெரிஞ்சிடும்.
- நிஜமாவே நீச்சல், ஸ்கூபா ஆசை இருந்தா: சிட்டிசன். இந்த நாலுல "டைவர்ஸ்" முத்திரை உள்ளது இது ஒண்ணுதான். பராமரிப்பும் குறைவு.
- கலெக்‌ஷன்ல ஆட்டோமேட்டிக் இன்னும் இல்லைன்னா: கமாசு. சர்வீஸ் செலவைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.
- சீக்கோ 5 முகத்துக்காகவே பிடிச்சிருந்தா: தாராளமா வாங்குங்க. அழகுக்குத்தான் காசு கொடுக்குறோம்னு தெரிஞ்சு வாங்கினாப் போதும்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லும் வாரன்ட்டி கார்டும் கேட்டு வாங்குங்க. கடல்ல இறங்கிட்டு வந்தா நல்ல தண்ணியில அலசுங்க. தண்ணிக்குள்ள கிரவுனை இழுக்காதீங்க. சுடுதண்ணிக் குளியலுக்கு முன்னாடி கழட்டி வெச்சிடுங்க.

இப்போ உங்ககிட்ட இருக்கிற வாட்ச்சுகளை மேசையில வரிசையா வைங்க. கடைசி ஒரு மாசத்துல ஒரு தடவைகூடக் கட்டாதது எத்தனைன்னு எண்ணுங்க. ரெண்டுக்கு மேல இருந்தா, முதல்ல அதுல ஒண்ணை வித்துடுங்க. அந்தக் காசுதான் உங்க டைவ் வாட்ச்சுக்கு முதல் தவணை. இந்தக் கணக்கை எல்லாம் போர்டுல போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு.