தோட்டத்துத் தென்னை வாடுவது ஏன்?

வேர் முதல் குருத்து வரை பயன் தரும்படி இறைவன் நமக்கு அருளிய மரம் தென்னை. இருபது, முப்பது ஆண்டுகள் காய்த்து, வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவிய மரம் வாடத் தொடங்கினால் வீட்டாரின் முகமும் வாடிவிடுகிறது. உடனே சிலர், "கண் பட்டுவிட்டது" என்பர். சிலர் உரத்தையும் உப்பையும் அள்ளிக் கொட்டுவர். நோய் இன்னதென்று அறியாமல் நல்ல மருத்துவர் மருந்து கொடுப்பதுண்டோ? மரத்துக்கும் அதே முறைதான்.

முதலில் தென்னையின் உடலமைப்பை அறிவோம். உச்சியிலுள்ள ஒரே மொட்டிலிருந்துதான் ஓலைகள் எல்லாம் தோன்றுகின்றன. அது அழிந்தால் மரம் பிழைக்காது. மேலும், மாமரத்தையும் வேம்பையும் போலக் காயத்தை மூடி வளரும் திசு தென்னைக்கு இல்லை. கொடி கட்ட நாம் அடிக்கும் ஆணியும், ஏறுவதற்கு வெட்டும் படியும் அதற்கு ஆறாத புண்களே. ஆகவே உச்சி, தண்டு, அடி என்று மூன்று இடங்களிலும் மரத்தைச் சோதிக்க வேண்டும்.

உச்சி: மழைக்காலத்தில் நடுக்குருத்து வாடிப் பழுப்பாகி, இழுத்தால் கையோடு வந்து, நாற்றம் வீசினால் அது குருத்தழுகல் நோய். சுற்றியுள்ள ஓலைகள் பல வாரங்கள் பச்சையாகவே நிற்பதால் பலர் இதைக் கவனிப்பதில்லை. மொட்டு கெடுமுன் அழுகிய பகுதியைச் செதுக்கி நீக்கி, போர்டோ பசை தடவி, மழைநீர் புகாமல் மூடினால் மரத்தைக் காக்கலாம். விரிந்த ஓலைகள் கத்தரியால் முக்கோணமாக வெட்டியதுபோல் இருந்தால், அது காண்டாமிருக வண்டின் வேலை. எருக்குழியிலும் மக்கிய மரத்துண்டுகளிலும் இவ்வண்டு பெருகுகிறது.

தண்டு: துளைகளும், அவற்றிலிருந்து பழுப்பு நிறச் சாறும், மென்று துப்பிய நாரும் தெரிந்தால், உள்ளே சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள் இருக்கின்றன. தண்டில் காது வைத்தால் அவை கடிக்கும் ஓசை கேட்பதும் உண்டு. தாய் வண்டு மரத்தின் காயங்களைத் தேடி முட்டையிடும். மேலே சொன்ன ஆணியும் படியும், காண்டாமிருக வண்டு குடைந்த துளையும் அதற்கு வாசலாகிவிடுகின்றன.

அடி: அடியோலைகள் மஞ்சளாகித் தண்டைச் சுற்றித் தொங்க, அடித்தண்டின் வெடிப்புகளில் செம்பழுப்புச் சாறு வடிந்தால், அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் இப்பெயர் பெற்றது. மண்ணிலுள்ள ஒரு பூசணம் வேரை அழுகச் செய்கிறது. சில மரங்களின் அடியில் காளானும் முளைக்கும். இது வேர் வழியாக அடுத்த மரத்துக்கும் பரவும். எனவே நோயுற்ற மரத்தைச் சுற்றி அகழி எடுத்துப் பிரிக்க வேண்டும்; பட்ட மரத்தை வேரோடு அகற்றி எரிக்க வேண்டும். மற்ற மரங்களுக்கு ஆண்டுதோறும் 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு இடுவதும், கோடையில் தவறாமல் நீர் பாய்ச்சுவதும் நலம்.

நோயில்லாமலும் மரம் வாடலாம். நீரின்றி அடியோலைகள் தொங்கினால் சாறு வடியாது. தண்ணீர் கிடைத்தால் மரம் தேறும். இடிமழைக்குப் பின் அருகருகே நிற்கும் பல மரங்கள் ஒருசேரக் கருகினால் மின்னலே காரணம். 2018ஆம் ஆண்டு கஜா புயலில் வீழ்ந்த மரங்களைப் போன்றவற்றை அப்படியே மக்கவிட்டால், அவை வண்டுகளின் தொட்டிலாகி, தப்பி நிற்கும் மரங்களுக்கும் பகையாகும்.

கனி தராத அத்திமரத்தை வெட்டச் சொன்ன தலைவரிடம், இன்னும் ஓராண்டு பொறுக்கும்படி வேண்டிய தோட்டக்காரரை லூக்கா நற்செய்தியில் நாம் அறிவோம். அவர் வேண்டியதோடு நிற்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடவும் முன்வந்தார். நாமும் வாரம் ஒருமுறை நம் வீட்டுத் தென்னையை அண்ணாந்தும் குனிந்தும் பார்ப்போம். குறையை முன்னரே கண்டால் ஒரு மரத்தை மட்டுமன்று, தோப்பையே காப்போம்.