தொப்புளைப் பற்றி நான் கேட்கவே இல்லையே!

வழக்கமாகச் சமையல் குறிப்பும், பிள்ளைகள் அடிக்கும் லூட்டியும் எழுதி அனுப்புகிறவள் நான். இந்தத் தடவை எழுதப் போவது கொஞ்சம் கூச்சமான சமாசாரம். அதனால் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் அனுப்புகிறேன்.

எனக்கு வயது 37. பத்தாவது வரைக்கும் படிப்பு. ஈரோடு பக்கம் சின்ன ஊர். வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். மூத்தது பெண், இளையது பையன். 2011-லும் 2015-லும் பிறந்தார்கள், இரண்டுமே சிசேரியன். மூத்தவள் பிறந்தபோது அம்மா பழைய நூல் சேலையை இழுத்து வயிற்றைக் கட்டிவிட்டாள், வயிறும் ஓரளவு உள்ளே போனது. பையன் பிறந்த பிறகு என்ன கட்டியும் போகவில்லை. அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்கிவிட்டது. சித்திரை வெயிலில் அந்த மடிப்புக்குள் வேர்த்து, புண்ணாகி, பவுடர் போட்டே காலம் தள்ளினேன்.

ஒருநாள் டவுன் பஸ்ஸில் ஒரு காலேஜ் பெண் சட்டென்று எழுந்து, "அக்கா, நீங்க உட்காருங்க, இந்த நேரத்துல நின்னுட்டு வரக்கூடாது" என்றாள். பாவம், நல்ல மனசு. 'அதெல்லாம் இல்லம்மா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூணு மாசமோ நாலு மாசமோ என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கொள்ளு ரசம், காலை நடை, ராத்திரி சோற்றுக்குப் பதில் கோதுமை உப்புமா என்று எல்லாம் செய்து பார்த்தேன். எடை எட்டு கிலோ குறைந்தது. தொங்குகிற தோல் மட்டும் குறையவில்லை. அப்புறம்தான் டாக்டர் விளக்கினார். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைகளும் கர்ப்ப காலத்தில் விலகிவிட்டனவாம். அறுந்துபோன எலாஸ்டிக் மாதிரி ஆகிவிட்ட தோல் நடந்தால் சுருங்காதாம். 'டம்மி டக்' என்று ஒரு ஆபரேஷன் இருக்கிறது, விலகிய தசையைச் சேர்த்துத் தைத்து, தொங்கும் தோலை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். எடை குறைக்கிற ஆபரேஷன் இல்லை இது, இனிமேல் குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்தவர்களுக்குத்தான் என்பதையும் சொன்னார்.

மாமியார் ஒரே வரியில் முடித்தார்: "ரெண்டு பெத்தவளுக்கு எதுக்குக் கண்ணு வயித்து அழகு?" வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் பிடிவாதமாக நின்றேன். தையல் காசில் நானே கட்டி வந்த சீட்டை எடுத்து, 2022 பிப்ரவரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் இந்தப் பிடிவாதம்தான் காரணம்.

ஆபரேஷன் நல்லபடியாகத்தான் நடந்தது. இரண்டு பக்கமும் டியூப் வைத்து நீர் எடுத்தார்கள். பத்து நாள் கூனிக்கொண்டே நடந்தேன். பெல்ட்டை அவிழ்க்காமல் ஆறு வாரம் போட்டிருந்தேன். இடுப்பிலிருந்து இடுப்பு வரை ஓடும் நீளத் தழும்பைப் பற்றி முன்னாலேயே விவரமாகச் சொல்லியிருந்தார்கள். நீர் கோர்ப்பது, ரத்தம் கட்டுவது, தோல் மரத்துப்போவது எல்லாம் சொன்னார்கள். "தொப்புளைச் சுத்தியும் ஒரு தழும்பு வரும்மா" என்றும் ஒரு வார்த்தை சொன்னதாக ஞாபகம். அது எப்படி, ஏன் என்று நானும் கேட்கவில்லை. தொப்புளில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு!

என்னைப் போலவே உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது. தொங்கும் தோலை வெட்டி எடுத்த பிறகு, மேல் வயிற்றுத் தோலைக் கீழே இழுத்து இறக்கித் தைக்கிறார்கள். தொப்புள் மட்டும் தன் காம்போடு பழைய இடத்திலேயே நிற்கும். இறக்கிய தோல் அதை மூடிவிடுமே, அதனால் அந்த இடத்தில் தோலில் புதிதாக ஒரு துளை போட்டு, தொப்புளை வெளியே எடுத்துச் சுற்றிலும் தைத்துவிடுகிறார்கள். துணியில் காஜா எடுப்பது போலத்தான். தையல்காரிக்கு இது சொன்னவுடனே புரிந்தது, ஆனால் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் கழித்துத்தான் புரிந்தது.

மூன்றாவது வாரம் தொப்புளுக்குள் ஈரமாக இருந்தது. பெல்ட்டுக்குள் வேர்க்கிறது என்று நினைத்தேன். பிறகு பனியனில் மஞ்சளாகக் கறை, லேசாக வாடை. டாக்டருக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. செய்தால் வீட்டில் தெரிந்துவிடும். 'ஆசைப்பட்டுச் செஞ்சுக்கிட்டா, இப்போ அனுபவிக்கிறா' என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு. நோய் என்று போய் அறுத்துக்கொண்டால் எல்லாரும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருவார்கள். அழகுக்கென்று அறுத்துக்கொண்டவளுக்கு வலிக்கிறது என்று சொல்லக்கூட உரிமை இல்லை என்று நானாகவே தீர்மானம் செய்துகொண்டேன்.

யாருக்கும் தெரியாமல் கை வைத்தியம் ஆரம்பித்தது. ஒருநாள் மஞ்சள் குழைத்துப் போட்டேன். இன்னொரு நாள் விளக்கெண்ணெய் விட்டேன், சின்ன வயதில் ஆத்தா தொப்புளில் எண்ணெய் வைப்பாளே, அந்த ஞாபகம். ஆறாத புண்ணுக்குள் எண்ணெய் விட்டால் ஊறிக்கொண்டேதான் இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை. பிறகு மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடும் பவுடர் வாங்கிக் கொட்டினேன். அது சீழோடு சேர்ந்து கட்டியாகி, துளையையே அடைத்துக்கொண்டது. இதற்கு நடுவில் ஒரு செக்கப்புக்கும் போய் வந்தேன், கேளுங்கள் வேடிக்கையை! அன்றைக்குக் காலையில் நன்றாகத் துடைத்துவிட்டுப் போனேன். டாக்டர் பெரிய தழும்பைப் பார்த்து, "வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க டாக்டர்" என்றேன்.

காட்டிக் கொடுத்தது என் பையன்தான். ராத்திரி என் மேல் கால் போட்டுத் தூங்குகிறவன், ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, உம்மேல ஏதோ நாத்தம் அடிக்குது" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். பக்கத்தில் படுத்திருந்த இவர் எழுந்து லைட்டைப் போட்டார். அதற்கு மேல் மறைக்க முடியுமா? சேலையை விலக்கிக் காட்டினேன். "இதை ஏம்புள்ள மொதல்லயே சொல்லல? நீ ஏதோ எம்மேல கோவமா தள்ளித் தள்ளிப் படுக்கறேன்னுல்ல நெனச்சேன்" என்றார். காலையில் முதல் பஸ்ஸுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார்.

சீழை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பி, மாத்திரை கொடுத்தார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் உப்புத் தண்ணீர் மருந்தை நிரப்பி, தொப்புளைக் கழுவக் கற்றுக்கொடுத்தாள் அங்கிருந்த நர்ஸ் பெண். பத்து நாளில் வாடை நின்றது. ஆனால் கதை முடியவில்லை. மூன்றாவது மாதம் தொப்புள் வாய் சிறுத்துக்கொண்டே வந்தது. முதலில் சுண்டுவிரல் நுனி போன இடத்தில், பிறகு காது குடையும் பட்ஸ்தான் போனது. அப்புறம் அதுவும் சிக்கிக்கொண்டது. உள்ளே தேங்கிய வேர்வையும் அழுக்கும் வெளியே வர வழியில்லாமல் மறுபடியும் ஈரம், மறுபடியும் வாடை. சுற்றியிருந்த தழும்போ சிவந்து, தடித்து, அரித்துத் தள்ளியது.

டாக்டரிடம் விளக்கம் கேட்டேன். ஆறும்போது எந்தத் தழும்புமே சுருங்குமாம். நேர்க்கோட்டில் இருந்தால் கொஞ்சம் நீளம் குறையும், அவ்வளவுதான். வட்டமாக இருந்தால்? பாவாடை நாடாவை இழுத்தால் எப்படிச் சுருக்கு விழுகிறது, அப்படித்தான். எனக்குப் புண் பழுத்து ஆற நாளானதால் இன்னும் அதிகமாகச் சுருக்கிவிட்டது. மற்றபடி சுருங்க ஆரம்பிக்கும்போதே காட்டினால் சிலிக்கானில் செய்த சின்ன அடைப்பானைத் துளைக்குள் வைத்து, வாய் மூடாமல் காப்பாற்றலாமாம்.

தழும்பு தடித்ததற்குக் காரணம் வேறு. அதைக் கண்டுபிடித்தது, டாக்டர் அனுப்பிப் போய்ப் பார்த்த தோல் டாக்டரம்மா. வயிற்றை ஒரு பார்வைதான் பார்த்தார். உடனே என் முடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தார். "இது எத்தனை வருஷமா இருக்கும்மா?"

பதினேழு வயதில் ஆசைப்பட்டு இரண்டாவது காது குத்தினேன். அந்த இடத்தில் பட்டாணி அளவுக்குச் சதை வளர்ந்து உருண்டு நின்றது. முடியை இறக்கி வாரி மறைத்துப் பழகிவிட்டது. அதன் பெயர் கெலாய்டு. காயம் ஆறிய பிறகும் தழும்பு நிற்காமல், காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்துகொண்டே போவது. நம்மைப் போன்ற கறுத்த, மாநிறத் தோல்காரர்களுக்கு இது அதிகம் வரும், குடும்பத்திலும் தொடரும் என்றார். காது, தோள், நெஞ்சில்தான் அதிகமாம், தொப்புளிலும் வருமாம். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, மருந்து அலர்ஜி உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டவர்கள், காது குத்தினால் சதை வளருமா என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சிசேரியன் தழும்பு ஒரு மூலையில் கயிறு மாதிரி தடித்துத்தான் இருந்தது. அந்தத் தோல்தான் போகப் போகிறதே என்று டாக்டரும் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் மேல் நான் பழி போடவில்லை. ஆனாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி. மாதம் ஒன்று வீதம் ஐந்து போட்டார்கள். பிரசவ வலி கண்டவள்தான், இருந்தாலும் அந்த ஊசிக்குக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். தடிப்பு அமுங்கியது, அரிப்பு நின்றது. ஊசி போட்ட இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்துவிட்டது, அப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ராத்திரியில் சிலிக்கான் பட்டை ஒட்டிக்கொள்வேன். மூடிய துளையைப் பெரிதாக்க உடனே வெட்டுங்கள் என்று அவசரப்பட்டேன். தழும்பு அடங்க ஒரு வருஷம் போல ஆகும், அதற்குள் கை வைத்தால் கெலாய்டு முன்னைவிடப் பெரிதாக வரும் என்று மறுத்துவிட்டார்கள். 2023 கடைசியில் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து சின்ன ஆபரேஷன். பிறகும் ஊசி, பிறகும் அடைப்பான். இப்போது சுண்டுவிரல் நுனி போகிறது. பார்க்க அழகா என்று கேட்டால், இல்லை. உதடு பிதுங்கின சுருக்குப்பை மாதிரி இருக்கிறது. ஆனால் காய்ந்திருக்கிறது, வாடை இல்லை. பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் கொடுப்பதுமில்லை!

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். என் முதுகு வலி போனது, மடிப்புப் புண் போனது. செய்துகொள்ள நினைக்கிறவர்கள் தொப்புளை எப்படித் தைப்பீர்கள், தழும்பு உள்ளே மறையுமா, சுருங்கினால் என்ன செய்வீர்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். உடம்பில் எங்கே தடித்த தழும்பு இருந்தாலும், மூக்குத்தி குத்திய இடமாக இருந்தாலும் காட்டுங்கள். லேப்ராஸ்கோப் வைத்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத் தொப்புளை ஒட்டித்தான் கீறியிருப்பார்கள், அதையும் சொல்லுங்கள். தொப்புளில் குடலிறக்கம் இருந்து தைத்தவர்கள் அவசியம் சொல்ல வேண்டும். அந்தக் காம்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருந்தால், தொப்புளே கறுத்து அழுகிப்போகவும் கூடுமாம். ஈரமோ வாடையோ தெரிந்தால் மஞ்சளும் எண்ணெயும் வேண்டாம், அன்றைக்கே போன் போடுங்கள்.

மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாவிட்டால் பாவம். விஷயம் தெரிந்த அன்று திட்டப் போகிறார் என்று நடுங்கினேன். ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய் மிளகு ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "ஏங்கண்ணு, எனக்கும் மூணு பிரசவத்துக்கப்புறம் வயிறு அப்படித்தான் தொங்குச்சு. யாருகிட்டச் சொல்ல?" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் கூட வந்தது அவர்தான்.

இப்போது வீட்டில் வேறு ஒரு பஞ்சாயத்து. மூத்தவள், சிநேகிதிகள் எல்லாம் குத்திக்கொண்டார்கள், எனக்கும் காதில் இரண்டாவது துளை வேண்டும் என்று நிற்கிறாள். முதலில் தோல் டாக்டரம்மாவிடம் காட்டலாம், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரமாக என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு வேண்டுமென்றால்கூடத் தம்பியை விட்டுத்தான் கேட்கிறாள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்